மருந்து ஓரிடத்தில், இருமல் ஓரிடத்தில்

ஈரல் நோய்க்கு எடுக்கும் மருந்து சுவாசப்பையைத் தாக்குமா? இக்கேள்வியை எமது கிராமங்களில் கேட்டால், “ஈரல் வயிற்றுப் பக்கம், சுவாசப்பை நெஞ்சுக்குள். இரண்டுக்கும் என்ன தொடர்பு?” என்றே பலரும் திருப்பிக் கேட்பர். ஆனால் எமது மொழி இவற்றுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என மூன்றையும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் போலவே அழைக்கின்றது. உடலுக்குள்ளும் அவை ஒன்றையொன்று அறியாமல் வாழ்வதில்லை. ஒன்றுக்கென விழுங்கும் குளிசை இரத்தத்தோடு கலந்து மற்றதற்கும் போய்ச் சேருகின்றது.

ஈரல் நோய்க்கான சில சிகிச்சைகளின் பக்கவிளைவாகச் சுவாசப்பை அழற்சி ஏற்படுவதுண்டு. இது அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் நடக்கும்போது நேரத்தோடு இனங்காணாவிட்டால் உயிருக்கே ஆபத்தாகிவிடும். காணி, வீடு, வாழ்வாதாரம் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் இத்தகைய அரிய நோயொன்றைப் பற்றி ஏன் பேசவேண்டும் என வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. மருந்து கொடுக்கப்படும் இடத்துக்கும் நோயாளி வாழும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரமே இந்த அரிய நோயை எமக்குக் கூடிய ஆபத்தாக்குகின்றது. அந்தத் தூரம் வன்னி மக்களாகிய எமக்குப் புதியதல்ல.

ஒட்டுசுட்டானில் வாழும் ஒருவருக்கு ஈரல் நோய் என்றால், அதற்குரிய விசேட வைத்தியரைக் காண யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ போகவேண்டியுள்ளது. யாழ்ப்பாணமே நூறு கிலோமீற்றருக்கு மேல். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் சென்னைக்கும் போய் வருகின்றார்கள். மருந்து அங்கே எழுதப்படுகின்றது, ஊசி அங்கே போடப்படுகின்றது. ஆனால் இருமலும் மூச்சுத்திணறலும் வருவது வீட்டிலே, பெரும்பாலும் சில கிழமைகள் கழித்து. அப்போது நோயாளி போவது அண்மையிலுள்ள பாமசிக்கு, அல்லது ஒட்டுசுட்டான் வைத்தியசாலைக்கு. அங்குள்ள வைத்தியருக்கு முன்னால் இருப்பவர் இருமலோடு வந்த ஒரு கமக்காரர். அவருக்கு எங்கே, எந்த மருந்து ஏற்றப்பட்டது என்பது சொன்னால்தானே தெரியும்?

சுவாசப்பைக்குள் நடப்பது என்ன?

எமது சுவாசப்பை தேன்வதை போன்றது. அதற்குள் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையையும் மெல்லிய இரத்தக்குழாய்கள் சுற்றியுள்ளன. அறைக்கும் குழாய்க்கும் இடையே மிக மெல்லிய சுவர் ஒன்று உண்டு. அச்சுவரின் ஊடாகவே ஒட்சிசன் இரத்தத்துக்குள் செல்கின்றது.

நியூமோனியாவின்போது கிருமிகள் காற்றறைகளுக்குள் புகுந்து சளி கட்டுகின்றது. மருந்தினால் வரும் அழற்சி வேறு விதமானது. இங்கே பெரும்பாலும் வீங்குவது அந்த மெல்லிய சுவர். தண்ணீர் வடிக்கும் துணியில் சேறு படிந்தால் என்ன நடக்கும்? மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கீழே சொட்டுச் சொட்டாகத்தான் விழும். அவ்வாறே நோயாளி எவ்வளவு இழுத்து மூச்சுவிட்டாலும் ஒட்சிசன் இரத்தத்தில் போதியளவு சேர்வதில்லை. சளி அதிகம் வராது. வறட்டு இருமலே வரும். படி ஏறும்போதும் தண்ணீர் அள்ளும்போதும் முதலில் களைக்கும். பின்னர் இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கும். சிலருக்குக் காய்ச்சலும் இருக்கும்.

இதில் கிருமி இல்லாதபடியால் அன்ரிபயோற்றிக் குளிசைகள் இதனைச் சுகமாக்க மாட்டா. குற்றவாளியான மருந்தை வைத்தியர் நிறுத்தவேண்டும். தேவையெனில் அழற்சியை அடக்கும் ஸ்ரெரொயிட் மருந்து கொடுக்க வேண்டும். நேரத்தோடு இவை நடந்தால் பலர் சுகமடைகின்றனர். பிந்தினால் சுவர் தழும்பேறித் தடித்துவிடும். தழும்பேறிய சுவாசப்பை பழைய நிலைக்குத் திரும்புவது கடினம்.

வாய்வழியாக உட்செல்லும் ஒன்று சுவாசப்பையை அழிக்கும் என்பதை எமது விவசாயக் குடும்பங்களுக்கு நாம் அதிகம் விளக்கத் தேவையில்லை. பரகுவாட் என்ற களைநாசினியை நாம் மறக்கவில்லை. அது வயிற்றுக்குள் போனாலும் இறுதியில் கருக்கியது சுவாசப்பையையே. எத்தனையோ குடும்பங்களைக் கலங்கவைத்த அந்த நஞ்சு இலங்கையில் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. மருந்து நஞ்சல்ல. ஆனால் உடலுக்குள் அது செல்லும் பாதை அதேதான்.

இன்ரர்பெரோன் தந்த பாடம்

வைரசினால் வரும் ஈரல் அழற்சியில் பல வகைகள் உண்டு. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஏ வகை பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். இரத்தத்தின் மூலம் பரவும் பி, சி வகைகள் பல ஆண்டுகள் உடலில் தங்கி, ஈரலைச் சுருங்கச் செய்து, சிலருக்குப் புற்றுநோயையும் உண்டாக்கும். சி வகை வைரஸ் 1989இல் இனங்காணப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதற்கான பிரதான மருந்தாக இருந்தது இன்ரர்பெரோன் என்ற ஊசி. பின்னர் அதனுடன் றிபாவிரின் என்ற மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

இந்த ஊசி போட்டவர்களுள் மிகச் சிலருக்குச் சுவாசப்பை அழற்சி ஏற்பட்டது. அவர்களுள் சிலர் இறந்தும் போயினர். வைத்தியர்கள் உடனே இனங்காண முடியாமற் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்ரர்பெரோன் ஊசி போட்டால் காய்ச்சலும் உடல் உளைவும் வருவது வழமை. றிபாவிரின் குளிசை இருமலை உண்டாக்கும். இரத்தத்தைக் குறைத்துக் களைப்பையும் தரும். ஆகவே, “இது மருந்தின் வழமையான குணம், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுவது இலகுவாயிருந்தது. வழமையான சிறு தொல்லைக்குப் பின்னால் ஆபத்தான நோய் மறைந்து நின்றது.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2013ஆம் ஆண்டின் பின் வந்த புதிய குளிசைகள் சி வகையை இரண்டு மூன்று மாதங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களில் முற்றாகச் சுகமாக்குகின்றன. இதனால் சி வகைக்கு இன்ரர்பெரோன் ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது. எமது நாட்டில் இந்த வகை குறைவு. ஆயினும் பலமுறை இரத்தம் ஏற்றியவர்களும் சிறுநீரக நோயினால் இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்களும் இதையிட்டுக் கவனமாயிருக்க வேண்டும். பி வகைக்கு இன்ரர்பெரோன் இன்னமும் சிலருக்குக் கொடுக்கப்படுகின்றது. ஆகவே, இந்தப் பாடம் பழையதானாலும் பயனற்றதல்ல.

மூலிகை என்றால் தீங்கில்லையா?

“இங்கிலிஸ் மருந்துதான் சூடு, பக்கவிளைவு எல்லாம். மூலிகை ஒன்றும் செய்யாது” என்பது எம்மிடையே ஆழமாக வேரூன்றிய எண்ணம். இதனை மறுக்கும் உண்மை நிகழ்ச்சி யப்பானில் நடந்தது.

யப்பானிய பாரம்பரிய வைத்தியத்தில் ‘சோ சைக்கோ டோ’ என்றொரு மருந்து உண்டு. இஞ்சி, அதிமதுரம், ஜின்செங் முதலிய ஏழு மூலிகைச் சரக்குகள் சேர்ந்தது. நாட்பட்ட ஈரல் அழற்சிக்கு அந்நாட்டில் மிகப் பலர் இதனை எடுத்தனர். வைத்தியர்களே இதனை எழுதிக் கொடுத்தனர். 1989ஆம் ஆண்டளவில் இம்மருந்தை எடுத்த ஒருவருக்குச் சுவாசப்பை அழற்சி ஏற்பட்டமை மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. பின்னர் இன்ரர்பெரோன் ஊசியையும் இதனையும் சேர்த்து எடுத்தவர்களிடையே அழற்சி கூடுதலாகக் காணப்பட்டது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என 1994இல் அறிவிக்கப்பட்டது. 1996 மார்ச்சில் யப்பானிய சுகாதார அமைச்சு அவசர எச்சரிக்கை ஒன்றை விடுத்தது. 1994இன் பின் இம்மருந்தை எடுத்தவர்களுள் 88 பேருக்கு அழற்சி ஏற்பட்டு, அவர்களுள் 10 பேர் இறந்துவிட்டனர் என்பதே அச்செய்தி.

யப்பான் வசதியற்ற நாடல்ல. வைத்தியர்களுக்கோ எக்ஸ்ரே கருவிகளுக்கோ அங்கே பஞ்சமில்லை. அப்படியிருந்தும் பத்துப் பேர் இறந்தனர். இஞ்சியும் அதிமதுரமும் சேர்ந்த ஒரு கசாயச் சரக்கு சுவாசப்பையைத் தாக்கும் என எதிர்பார்க்க எவருக்கும் இலகுவில் தோன்றாது. காய்ச்சலோ, வறட்டு இருமலோ, மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருந்தை நிறுத்தி வைத்தியரைக் காணவேண்டும் என்பதே எச்சரிக்கையின் சாரம். அந்த ஒரு வரி முன்னரே எல்லோரையும் சென்றடைந்திருந்தால் சிலராவது பிழைத்திருக்கக்கூடும்.

இதனால் எமது கீழ்க்காய்நெல்லியும் சுவாசப்பையைக் கெடுக்கும் என நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வதற்கு ஆதாரமில்லை. செங்கமாரிக்கு அதனை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது எமது வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் தியாகராஜனும், பி வகை வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்கும் பிறரும் சேர்ந்து இதனை ஆராய்ந்து 1988இல் ‘லான்செட்’ ஏட்டில் எழுதினர். மூலிகை எடுத்தவர்களுள் நூற்றுக்கு 59 பேரின் இரத்தத்தில் பி வகை வைரசின் அடையாளம் மறைந்தது என்றும், எடுக்காதவர்களுள் நூற்றுக்கு 4 பேருக்கே அவ்வாறு நடந்தது என்றும் கண்டனர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. மூலிகையையும் ஊசிமருந்தையும் ஒரே தராசில் நிறுக்கவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்பது.

2009இல் வவுனியா மெனிக்பாம் முகாமில் எமது மக்கள் அடைக்கப்பட்டிருந்தபோது ஏ வகைச் செங்கமாரி பரவியதை வாசகர்கள் பலர் அனுபவித்தே அறிவர். பெரும்பாலானோர் சில கிழமைகளில் சுகமடைந்தனர். கைமருந்து எடுத்தவரும் சுகமடைந்தார், எடுக்காதவரும் சுகமடைந்தார். ஏனெனில் ஏ வகை தானாக மாறக்கூடியது. ஆனால் “அந்த மருந்தால்தான் மாறியது” என்ற நம்பிக்கை நிலைத்துவிட்டது. அதே நம்பிக்கையோடு இன்று பி வகை உள்ளவரும், ஈரல் சுருங்கியவரும் பெயர் தெரியாத தூள்களையும் லேகியங்களையும் வாங்குகின்றனர். கிளினிக்கில் அதைச் சொல்வதுமில்லை. சொன்னால் டொக்டர் ஏசுவார் என்ற பயம்.

இன்றைய சிகிச்சைகள்

ஈரல் புற்றுநோய்க்கு 2020இலிருந்து, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புதிய ஊசிமருந்துகள் பல நாடுகளில் முதன்மைச் சிகிச்சையாகிவிட்டன. தூண்டப்பட்ட அந்தச் சக்தி சிலரில் தன்னுடைய சுவாசப்பையையே பகையென எண்ணித் தாக்குகின்றது. மருந்து ஏற்றிச் சில கிழமைகளிலும் நடக்கலாம், பல மாதங்கள் சென்றும் நடக்கலாம். இன்னொரு சிகிச்சையில் கதிர்வீச்சு மணிகளை ஈரலின் இரத்தக்குழாய்க்குள் செலுத்துவர். அவை வழிதவறிச் சுவாசப்பைக்குப் போனால் அங்கும் அழற்சி ஏற்படும். அதனால்தான் முதலில் ஒரு சோதனை செய்து, எவ்வளவு கசியக்கூடும் என அளந்து பார்க்கின்றனர்.

கசிப்பினாலும் சாராயத்தினாலும் ஈரல் அழன்றவர்களின் கதை வேறு. நோய் கடுமையானால் சிலருக்கு ஸ்ரெரொயிட் மருந்து கொடுக்கப்படும். பிரித்தானியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், இம்மருந்து எடுத்தவர்களுள் நூற்றுக்கு 13 பேருக்கும் எடுக்காதவர்களுள் 7 பேருக்கும் கடுமையான கிருமித்தொற்று ஏற்பட்டது. இங்கே சுவாசப்பை பாதிக்கப்பட்டால் அது பெரும்பாலும் கிருமியால் வருவது. அதற்கு அன்ரிபயோற்றிக் அவசரமாகத் தேவை. ஒரே இருமல், இரண்டு காரணம், இரண்டு எதிரெதிரான வைத்தியம். எந்த மருந்து எடுத்தவர் என்பது தெரியாமல் எந்த வைத்தியர் சரியாக முடிவெடுப்பார்?

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். பி வகை ஈரல் அழற்சிக்கு இன்று பலர் எடுப்பது ரெனோபோவிர், என்ரகாவிர் போன்ற தினசரிக் குளிசைகள். இக்கட்டுரையை வாசித்துவிட்டு அவற்றை எவரும் நிறுத்திவிடக்கூடாது. நாம் இங்கு பேசும் சுவாசப்பை அழற்சி அக்குளிசைகளின் வழமையான பிரச்சினையல்ல. மாறாக, அவற்றைத் திடீரென நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வைரஸ் மீண்டும் கிளம்பி ஈரலையே செயலிழக்கச் செய்துவிடலாம். பக்கவிளைவு பற்றிய அறிவு மருந்தைக் கைவிடுவதற்கல்ல, மருந்தோடு விழிப்பாயிருப்பதற்கே.

எல்லா இருமலும் மருந்தால் வருவதல்ல

வயலில் இறங்குபவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கையும் தேவை. எலிக்காய்ச்சல் ஈரலையும் சுவாசப்பையையும் ஒருங்கே தாக்கக்கூடியது. கண் மஞ்சளாவதும் மூச்சுத் திணறுவதும் அந்த ஒரே நோயால் வரலாம். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். 2024 டிசம்பரில், மழை வெள்ளத்தின் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டில் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் பலர் இறந்தபோது முதலில் அது என்ன நோயென்று தெரியாமல் மக்கள் கலங்கினர். பின்னர் எலிக்காய்ச்சல் எனத் தெரியவந்தது. ஆகவே, வயலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளானால் செங்கமாரி மருந்து குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விதைப்புக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகக் கொடுக்கப்படும் தடுப்புக் குளிசையையும் அலட்சியம் செய்யக்கூடாது.

ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியவருக்கு நெஞ்சிலும் நீர் கட்டி மூச்சு வாங்கலாம். சயரோகமும் நாட்பட்ட இருமலோடுதான் வரும். சயரோகத்துக்குக் கொடுக்கும் மருந்துகளுள் சில ஈரலைப் பாதிப்பவை. மருந்தினால் வந்த அழற்சியைச் சயரோகமென எண்ணிச் சிகிச்சை தொடங்கினால், ஏற்கெனவே நோயுற்ற ஈரல் இன்னும் நோகும். அதற்காக உண்மையான சயரோகத்துக்கு மருந்து எடுக்காமல் விடுவதும் ஆகாது. இதனைப் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. பிரித்தறியத் தேவையான செய்தியைக் கையில் கொடுப்பது எமது வேலை.

சொல்லவேண்டியவர் யார்?

இவ்விடத்தில் பொறுப்பை நோயாளியின் தலையில் மட்டும் சுமத்திவிட்டுப் போக நாம் தயாராயில்லை. எமது மக்களுக்குக் கொடுக்கப்படும் மருந்துத் துண்டில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்து. குளிசைப் பைக்கற்றில் காலை, பகல், இரவு என்ற கணக்கைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. என்ன மருந்து, எதற்கு, எந்த அறிகுறி வந்தால் ஆபத்து என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இன்னமும் பரவலாகவில்லை.

“பக்கவிளைவைச் சொன்னால் சனம் பயந்து மருந்தை விட்டுவிடும்” என்று சில வைத்தியர்கள் சொல்வதுண்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் செல்லடிக்குள் பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்த தாய்மாருக்கு ஒரு குளிசையின் குணத்தைத் தாங்கிக்கொள்ளும் துணிவு இராதா? சொல்லாமல் விட்டாலும் அவர்கள் பயப்படத்தான் செய்கின்றார்கள். அப்போது அந்தப் பயத்துக்கு அயலவரின் கதைதான் பதிலாகின்றது. “இருமல் வந்தால் குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம், அன்றே எங்களிடம் வாருங்கள்” என்ற ஒரு வசனம் எவரையும் விரட்டிவிடாது.

2022இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்தில்லாமல் வெளியே வாங்கும்படி எழுதிக் கொடுக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஒரு மாதம் வெள்ளைக் குளிசை, மறுமாதம் மஞ்சள். கம்பனிப் பெயரும் மாறிவிடும். வெளிநாட்டு உறவினர் பார்சலில் அனுப்பும் மருந்தும் இடையில் வந்து சேரும். இத்தகைய காலத்தில் “டொக்டர் தந்த வெள்ளைக் குளிசை” என்பது ஒரு விபரமல்ல. மருந்தின் உண்மையான பெயர் நோயாளியின் கையில் இருக்கவேண்டும்.

ஆகவே, நாம் கேட்பவை பெரிய செலவுக்குரியவை அல்ல. ஈரல் நோய்க்கு ஊசிமருந்தோ புற்றுநோய்ச் சிகிச்சையோ தொடங்கும் பெரிய வைத்தியசாலை, நோயாளியின் ஊரிலுள்ள வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். மருந்தின் பெயர், தொடங்கிய திகதி, கவனிக்கவேண்டிய அறிகுறி, அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கு விபரமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை நோயாளியிடம் இருக்கவேண்டும். பக்கவிளைவு ஏற்பட்டால் அது 2015ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு அறிவிக்கப்பட வேண்டும். யப்பானில் 88 பேரை எண்ண முடிந்தது, எவரோ ஒவ்வொருவராக அறிவித்தபடியால்தான். அறிவிக்கப்படாத நோய் எவருடைய கணக்கிலும் வருவதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

அந்த அட்டை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு கொப்பித் தாளே போதும்.

ஒன்று: ஈரல் நோய்க்கு மருந்து எடுப்பவரின் வீட்டில், மருந்துகளின் பெயர்களையும் தொடங்கிய திகதிகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். அல்லது பாமசியில் கேட்டு எழுதுவியுங்கள்.

இரண்டு: பரியாரியாரின் கசாயம், பார்சலில் வந்த குளிசை, கடையில் வாங்கிய தூள் எல்லாவற்றையும் அதே தாளில் சேருங்கள். டொக்டர் ஏசினாலும் ஏசட்டும். ஏச்சு ஒரு நிமிடத்தில் போய்விடும்.

மூன்று: வறட்டு இருமல், காய்ச்சல், வழமைக்கு மாறான களைப்பு, மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் தடிமன் என்று இருமல் பாணி வாங்கிக் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே தாளோடு வைத்தியசாலைக்குப் போங்கள். கதைக்க முடியாமல் மூச்சு முட்டினால் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

நான்கு: வைத்தியர் கேட்காவிட்டாலும் முதல் வசனமாகச் சொல்லுங்கள்: “ஐயா, நான் ஈரலுக்கு இன்ன மருந்து எடுக்கிறேன். இருமல் அதற்குப் பிறகுதான் தொடங்கினது.” இந்த ஒரு வசனம் ஒரு எக்ஸ்ரேயை வேறு கண்ணோடு பார்க்கவைக்கும்.

ஐந்து: குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

இடம்பெயர்ந்த காலமெல்லாம் எமது குடும்பங்கள் ஒரு பொலித்தீன் பையைக் கைவிடவில்லை. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. பங்கருக்குள் போனாலும், ஆற்றைக் கடந்தாலும், முகாமில் வரிசையில் நின்றாலும் அந்தப் பை நெஞ்சோடு இருந்தது. நாம் யார், எமக்கு எது உரியது என்பதை அறியாத அதிகாரிக்கு அந்தப் பையே பதில் சொன்னது. ஆனால் கிளினிக் கொப்பி அந்தப் பைக்குள் இருந்த வீடுகள் குறைவு. எத்தனையோ நோயாளர் புதிய ஊரில், புதிய வைத்தியரிடம், எதுவும் சொல்ல முடியாமல் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

போர் முடிந்து பல ஆண்டுகளாகிவிட்டன. வெள்ளம் வந்தால் இன்றும் நாம் பாடசாலைக்கும் பொதுமண்டபத்துக்கும் இடம்பெயர்கின்றோம். பை இன்றும் அலுமாரியில் தயாராகவே இருக்கின்றது. மருந்துகளின் பெயர் எழுதிய தாளையும் அதற்குள் வையுங்கள். காணி அனுமதிப்பத்திரத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு.